தில்லைநகர் மாடி வகுப்பு: லாஜிக்கல் ரீசனிங்குக்கு மட்டும்

திருச்சி தில்லைநகரில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடி. பெயர்ப் பலகைகூடக் கிடையாது. ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் சனிக்கிழமைதோறும் சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்கு லாஜிக்கல் ரீசனிங் (தர்க்கப் பகுதி) மட்டும் சொல்லித் தருகிறார். ஆங்கிலப் பத்தியும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாதம் 800 ரூபாய். ஒன்பது வாரம் போயிருக்கிறேன்.

போன வருடம் வேறொரு பெரிய சென்டரில் சேர்ந்திருந்தேன். ‘தேர்ஃபோர் வந்தால் முடிவு, பிகாஸ் வந்தால் காரணம்’ என்று அட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள். 2020 முதல் கிளாட்டில் நீளமான பத்தியைப் படித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். தேர்வில் அந்த அட்டை உதவவில்லை. அடித்துப் பேசுகிற வரியையெல்லாம் வாதம் என்று நினைத்துக் குறித்துவிட்டு வந்தேன்.

இங்கே சார் முதல் நாள் கேட்டது ஒரே கேள்விதான்: “எதை வச்சும்மா சொல்றாங்க?” ‘ஹெல்மெட் கட்டாயம் வேண்டும்’ என்பது கூற்று. எவ்வளவு உரக்கச் சொன்னாலும் கூற்றுதான். ‘விழுந்தால் முதலில் அடிபடுவது தலை’ என்று ஒரு காரணம் அதைத் தாங்கினால்தான் வாதம். இதற்கு மணிமேகலையின் 29ஆம் காதையை எடுத்தார். ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது’ என்றால் பக்கம், அதாவது கூற்று. ‘புகை இருப்பதால்’ என்றால் ஏது, அதாவது காரணம். ‘அடுக்களை போல’ என்றால் திருட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. பள்ளியில் மனப்பாடம் பண்ணிய காப்பியத்துக்குள் என் தேர்வுப் பாடம் இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் நான் எப்போதும் சறுக்குகிற இடம். ‘மழை பெய்ததால் உறையூரில் தண்ணீர் நின்றது.’ காரணம் இருக்கிறதே, வாதம்தானே என்றேன். “தண்ணி நின்னுச்சா இல்லையான்னு யாராவது சண்டை போடறாங்களா?” என்றார். இல்லை, நடந்ததற்கு விளக்கம், அவ்வளவுதான். ‘தண்ணீர் வடியவே இல்லை, அதனால் சாக்கடை அடைத்திருக்க வேண்டும்’ என்றால் வாதம். அதை ஒருவர் மறுக்கலாம். அதேபோல ‘சிலர் சொல்கிறார்கள்’ என்று தொடங்கும் வரியைப் பத்தி எழுதியவரின் முடிவாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் இங்கேதான் போனது.

குறை என்றால் வேகம். 2 மணி நேரத்தில் 120 கேள்வி என்பது தேர்வு; சார் நான்கு கேள்விக்கே ஒரு மணி நேரம் எடுப்பார். தப்பு விடைக்கு கால் மதிப்பெண் போகும் என்பதால் எதை விட்டுவிடுவது என்ற பயிற்சியும் தேவை. அது இங்கே இல்லை. மாதிரித் தேர்வு வீட்டில் கடிகாரம் வைத்து நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் சேர வேண்டாம். ஆறு மாதம் இருந்தால் கண்டிப்பாகச் சேருங்கள்.

வகுப்பு நான்கு மணிக்கு. மின்விசிறி ஒன்றுதான், ஜன்னல் ஓரம் வேண்டுமானால் மூன்றே முக்காலுக்கே போய்விடுங்கள்.