வெள்ளிப் பாக்கெட் ‘ரீஃப் கார்பன்’: மலையில் டேங்க் வைத்திருப்பவர்கள் உஷார்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர் டேங்க் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. கீழே கோயம்புத்தூரிலிருந்து வேனில் ஏறி வந்து வீடு வீடாக டேங்க் சர்வீஸ் செய்யும் ஒரு கடைக்காரர், ‘இம்போர்ட்டட் ரீஃப் கிரேடு கார்பன்’ (பவள டேங்க் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரி) என்று ஒரு வெள்ளிநிறப் பாக்கெட் விற்கிறார். கிலோ 2,400 ரூபாய். வாங்காதீர்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

குன்னூரில் என்னுடையது 300 லிட்டர் டேங்க். ஜோவாந்திட் (பூப்போல விரியும் பவள வகை), காளான் பவளம், பெரிய லெதர் பவளம் ஒன்று, இரண்டு க்ளௌன் மீன், சர்ஜன் மீன் வகையான ஒரு மஞ்சள் டாங். லெதர் இருக்கிற டேங்க்கில் கார்பன் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். பக்கத்துப் பவளங்களை அமுக்க அது தண்ணீரில் ரசாயனம் கக்கும். அதையும், தண்ணீரை மஞ்சளாக்கும் கரிமக் கழிவையும் கார்பன் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் இங்கே யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. கொசுவர்த்தி, ஸ்ப்ரே, சமையல் புகை எல்லாம், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் கருவி இழுக்கும் காற்றோடு டேங்க்குக்குள் போகும். அதனால்தான் நல்ல கார்பனாகக் கேட்டேன்.

அவர் வந்தபோது நான் வேலைக்குப் போய்விட்டேன், வீட்டில் அம்மா மட்டும். பாக்கெட்டைப் பிரித்து அப்படியே வலைப்பையில் கொட்டியிருக்கிறார். “கழுவாமலா போடுறீங்க தம்பி? கையெல்லாம் கரியா இருக்கே” என்று அம்மா கேட்டதற்கு, “இது ஃபாரின் சரக்கும்மா, கழுவினா பவர் போயிடும்” என்றாராம். எந்தக் கார்பனாக இருந்தாலும் ஆர்.ஓ. தண்ணீரில் கறுப்பு போகும்வரை அலசித்தான் போட வேண்டும். அதுவும் முழு ஒரு கிலோ! என் டேங்க்குக்கு ஒரு டம்ளர் போதும். முதல் தடவை என்றால் அதிலும் பாதி.

சாயங்காலம் வந்து பார்த்தால் சம்ப்பின் (டேங்க்கோடு இணைந்த ஃபில்டர் தொட்டி) அடியில் கறுப்பாக ஒரு படலம். அடுத்த நாள் தண்ணீர் பளிச்சென்று தெளிந்துவிட்டது. ஆனால் மஞ்சள் ஒரேயடியாகப் போனால் அதே விளக்கின் வெளிச்சம் பவளங்களுக்குத் திடீரென்று கூடிவிடும். விளக்கைக் குறைப்பதற்குள் காளான்கள் வெளுத்தன. ஜோவாந்திட் மூடியது மூடியதுதான், திறக்கவில்லை. 0.05 பிபிஎம் இருந்த பாஸ்பேட் (இது கூடினால் பவளங்களுக்கு ஆகாது) அந்த வார முடிவில் 0.6க்குப் போயிருந்தது. அப்புறம் டாங்கின் கண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகள். லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) கார்பனால் சர்ஜன் மீன்களுக்கு இப்படித் தலையில் அரிப்பு வருவதை 2011இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. இது லிக்னைட் அல்ல, எனவே கார்பன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

போன் செய்தேன். “மலைக் காத்து சார், பிஎச் இறங்கியிருக்கும்” என்றார். மூடிய வீட்டில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கும், அது உண்மை. ஆனால் அது பாஸ்பேட்டை எப்படி ஏற்றும்? பதில் இல்லை.

காலிப் பாக்கெட்டைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் மினுமினுக்கும் ஸ்டிக்கர், ஒரு மூலையில் லேசாகத் தூக்கியிருந்தது. ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்தால், அடியில் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது: குடிநீர் ஃபில்டருக்கான கொட்டாங்குச்சிக் கரி, அயோடின் நம்பர் 1100. இந்த நம்பரைத்தான் அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அது நுண்துளை எவ்வளவு என்று காட்டும் அளவு. குழாய்த் தண்ணீரில் குளோரினை எடுக்க அது அருமையான கரி. ரீஃப் டேங்க்கை மஞ்சளாக்கும் மூலக்கூறுகள் பெரியவை. அவற்றுக்குப் பெரிய துளையும் வேண்டும். கொட்டாங்குச்சிக் கரி சுத்தமாக வேலைக்கு ஆகாது என்றில்லை, ஆனால் ஆசிட்டில் கழுவிய உருளைக் கார்பன் விலைக்கு இதை விற்பது திருட்டு. உருளை என்றால் பென்சில் முனையை ஒடித்த மாதிரி சின்னக் குச்சிகளாக இருக்கும். இவர் தந்தது கோணல்மாணலான சில்லு.

பாக்கெட்டில் மிச்சமிருந்த ஒரு ஸ்பூனை ஆர்.ஓ. தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பாஸ்பேட் கிட்டில் பார்த்தேன். கரு நீலம். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் நிறமே காட்டவில்லை. சில கார்பன்களைப் பாஸ்பாரிக் ஆசிட் போட்டுத் தயாரிப்பார்கள். சரியாகக் கழுவாவிட்டால் பாஸ்பேட் இப்படிக் கசியும். எந்த பிராண்ட் வாங்கினாலும் டேங்க்கில் போடுமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை கொதிக்கவைத்து மறுபடி போடலாம் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுத்தப் பொய். பழைய கார்பனுக்கு உயிர் கொடுக்க 800 டிகிரி அளவுக்குச் சூடும் நீராவியும் வேண்டும், அடுப்படியில் நடக்காது. கல் பவளத் துண்டு கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னாலும் கேட்காதீர்கள். கல் பவளங்கள் எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மாட்டினால் அவர் வேனோடு இறங்கிவிடுவார், வழக்கு நம் தலையில்.

கரியை எடுத்துவிட்டுப் பல தடவை தண்ணீர் மாற்றியபின் பாஸ்பேட் 0.1க்கு வந்திருக்கிறது. ஜோவாந்திட்டில் பாதி போய்விட்டது. டாங் சாப்பிடுகிறது.

அவர் பில் தரவில்லை, ஜிபேயில் அனுப்பிய ரசீது இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. பொருள் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இப்போது பாதிப் பணம் தருகிறேன், ஒரு சர்வீஸ் இலவசம் என்று இறங்கி வந்திருக்கிறார். சர்வீஸ் வேண்டவே வேண்டாம், முழுப் பணத்தையும் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவரிடம் வாங்கியவர்கள் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் ஸ்டிக்கரை உரித்துப் பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.