‘15 மீட்டர் வரை ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள், 7 மீட்டரில் இருந்தது சுரங்கம்

பழைய சுரங்கம் ஓடிய நிலத்தில் கட்டடம் எழுப்பப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

அடியில் மூடாமல் விட்ட சுரங்கவழி இருக்கலாம் என்ற பேச்சு இருந்ததால் ரேடார் ஆய்வு (மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை வைத்து அடியில் இருப்பதைப் படமாக்குவது) செய்கிறவர்களைக் கூப்பிட்டேன். களிமண் நிலம் என்பதை முதல் போனிலேயே சொல்லிவிட்டேன், அதெல்லாம் பிரச்சினையே இல்லை என்றார்கள். புல்வெட்டும் வண்டி மாதிரி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒரே காலையில் வேலையை முடித்துவிட்டு, பளபளவென்று கலர் படங்களோடு அறிக்கை அனுப்பினார்கள். நானும் நம்பினேன். அப்புறம் அஸ்திவாரத்துக்கு மண் பரிசோதனைத் துளை போட்டபோது, 7 மீட்டரில் கம்பி தடாலென்று இறங்கிவிட்டது, அதற்குக் கீழே ஒன்றரை மீட்டருக்கு வெறும் காற்று.

அன்றைக்குத்தான் அறிக்கையை ஒழுங்காகப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் இருந்த நேர அளவு, அதாவது அலை திரும்பி வரக் கருவி காத்திருந்த நேரம், 80 நானோ வினாடியோடு நின்றுவிடுகிறது. ரேடார் அலை சாதாரண மண்ணில் ஒரு நானோ வினாடிக்குச் சுமார் 10 செ.மீ. போகும், அதுவும் போன தூரம் திரும்பி வரவும் வேண்டும், ஆக 80 என்றால் 4 மீட்டர், அவ்வளவுதான். ஈரக் களிமண்ணில் வேகம் இன்னும் குறையும். அது மின்சாரத்தைக் கடத்துவதால் பெரும்பாலும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்குள்ளேயே அலையை விழுங்கியும் விடும். அப்புறம் அந்த 15 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்! கொண்டுவந்த ஆண்டெனாவும் 400 மெகாஹெர்ட்ஸ், ஆழமில்லாமல் கிடக்கும் குழாய், கேபிள் தேட எடுப்பது.

கருவி மேல் குற்றமில்லை. காய்ந்த மணல், கருங்கல் என்றால் 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆண்டெனாவை வைத்து 10 மீட்டரைத் தாண்டியும் பார்க்கலாம் (அலை மேலேயும் பக்கத்திலும் சிதறாமல் தடுக்கும் உறையில்லாத ஆண்டெனா என்றால் பக்கத்து மரமும் மின்கம்பியும்கூடப் படத்தில் விழும், அது வேறு தொல்லை). என் நிலத்துக்கு மின்தடை ஆய்வோ (மண்ணில் மின்சாரம் செலுத்தித் தடையை அளப்பது) நுண் ஈர்ப்பு ஆய்வோ (அடியில் வெற்றிடம் இருந்தால் ஈர்ப்பு விசை லேசாகக் குறைவதை அளப்பது) செய்துவிட்டு, சந்தேகம் வந்த இடத்தில் துளை போட்டிருக்க வேண்டும். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதை அடியில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டார்கள், என் கோபமே அதுதான்.

ஆள் வைப்பதற்கு முன் எந்த ஆண்டெனா, எத்தனை நானோ வினாடி, மண்ணில் வேகத்தை எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். மூலப் பதிவுகளையும் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போன் செய்து கேட்டதற்கு, ‘இயற்கையான பிளவாக இருக்கும் சார்’ என்றார்கள். துளைக்குள் கேமரா இறக்கியபோது கூரைக்கு முட்டுக் கொடுத்த மரக்கால்கள் இரண்டு அப்படியே நின்றன. அந்தப் படத்தை அனுப்பிய பிறகு போனை எடுப்பதில்லை.