ஸ்வீனி டாட், பிராட்வே அரங்கேற்றம்: எதைக் கேட்பது, எங்கே உட்காருவது

இது 2023 அரங்கேற்றத்தை ஒட்டி எழுதிய குறிப்பு; இந்தத் தயாரிப்பு 2024 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. நியூயார்க்கின் பிராட்வே நாடக வட்டாரத்தில் உள்ள லன்ட்-ஃபான்டேன் அரங்கில் 2023 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை அரங்கேறிய ‘ஸ்வீனி டாட்’ இசை நாடகத்தின் பெரிய பலம், மேடைக்கு முன்னால் வாத்தியக் குழியில் உட்கார்ந்திருக்கும் 26 பேர். 1979இல் முதல் தயாரிப்புக்காக ஜொனாதன் டியூனிக் அமைத்துக் கொடுத்த முழு வாத்திய அமைப்பு அதே அளவில் பிராட்வேயில் மீண்டும் ஒலிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. 2005இல் வந்த மறு தயாரிப்பில் தனி வாத்தியக் குழுவே கிடையாது. பத்து நடிகர்களே வாத்தியங்களையும் வாசித்தார்கள். அது வேறு வகையான சாதனை. ஆனால் ஸ்டீவன் சோண்ட்ஹைம் இந்தக் கதைக்கு என்ன இசை எழுதினார் என்பதை முழுதாக அறிய அலெக்ஸ் லகமோயர் நடத்தும் இந்தக் குழுவைத்தான் கேட்க வேண்டும்.

கதை பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் நடக்கிறது. அழகான மனைவி இருந்த ஒரே காரணத்துக்காக ஒரு நீதிபதி பொய் வழக்கில் நாடு கடத்திய நாவிதன் ஸ்வீனி டாட், 15 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறான். அவன் பழைய கடைக்குக் கீழே, மாவுக்குள் கறி அடைத்துச் சுடும் ‘பை’ விற்கும் மிஸஸ் லவெட், அவனுடைய சவரக்கத்திகளைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். மாடியில் கத்தி, கீழே அடுப்பு. இதற்கு மேல் தெரியாமல் போவதே நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது சரியான ஆலோசனை அல்ல. பெரும்பகுதி பாட்டாகவே நகரும் நாடகம் இது. நான்கு பேர் நான்கு வெவ்வேறு வரிகளை ஒரே நேரத்தில் பாடும் இடங்கள் உண்டு. லண்டன் சேரிப் பேச்சின் சிலேடைகள் மூச்சு விடாமல் வரும். முதல் பாகத்தின் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, 1979 ஒலிப்பதிவையும் ஒருமுறை கேட்டுவிட்டுப் போனால் பாதி வரிகள் நழுவாமல் கிடைக்கும். இரண்டாம் பாகத்தை மட்டும் படிக்காமல் விடுங்கள்.

இந்த நாடகத்தைப் பொறுத்தவரை பயமும் சிரிப்பும் ஒரே உலையில்தான் கொதிக்க வேண்டும். மிஸஸ் லவெட்டின் முதல் பாட்டு அதற்குச் சோதனை. லண்டனிலேயே மட்டமான பை தன் கடையில்தான் என்று அவளே பாடுகிறாள். மாவைத் தட்டுவது, உருட்டுவது, பலகையில் ஓடும் பூச்சியை அடிப்பது, தூசியை ஊதித் தள்ளுவது எல்லாமே தாளக்கணக்குக்குள் அடங்கியவை. ஒரு சொல்லின் நடுவில் அரைத்தட்டு இடைவெளி வரும். அந்த இடைவெளியில் கை மாவில் விழ வேண்டும். ஒரு தட்டு பிந்தினால் சிரிப்பும் போகும், அடுத்த வரியும் போகும். மிஸஸ் லவெட்டாக நடிக்கும் அனலீ ஆஷ்ஃபோர்ட் இதை அசாத்தியத் துல்லியத்தோடு செய்கிறார். உடம்பு முழுக்கச் சிரிப்பை வைத்துக்கொண்டே, இந்தப் பெண்மணிக்கு மனசாட்சி எங்கே கழன்று விழுந்தது என்பதையும் காட்டிவிடுகிறார். இந்தத் தயாரிப்பின் உயிர் அவர்தான்.

டாடாக நடிக்கும் ஜாஷ் குரோபன் விஷயத்தில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். குரல் அற்புதம். கத்திகளைக் கையில் ஏந்தி ‘என் நண்பர்களே’ என்று அவர் பாடும்போது நீண்ட சுரங்கள் அலுங்காமல் நிற்கின்றன. கொலைக்கருவியிடம் இவ்வளவு கனிவா என்று கேட்பவருக்கு உடம்பு சில்லிடும். ஆனால் முதல் பாகத்தின் முடிவில் டாட் நிலை தடுமாறும் இடத்தில், பாட்டு வெறிக்கும் அழுகைக்கும் நடுவே சடாரென்று தாவ வேண்டும். சுரம் உடைந்தால்கூடப் பரவாயில்லை என்று பாட வேண்டிய இடம் அது. குரோபன் உடைய விடுவதில்லை. துயரம் வருகிறது, அச்சம் முழுதாக வரவில்லை. பை கடையில் வேலைக்குச் சேரும் சிறுவன் டோபியாஸாக கேட்டன் மாட்டராசோவும், பிச்சைக்காரியாக ரூத்தி ஆன் மைல்ஸும் எந்தக் குறையும் வைக்கவில்லை.

மேடையை மிமி லியன் அமைத்திருக்கிறார்: ராட்சதப் பாரந்தூக்கி, மேலே பாலம், அடியில் இருட்டு. நடாஷா காட்ஸின் ஒளியமைப்பு அந்த இருட்டைக் கத்தியால் கீறியதுபோல் பிரிக்கிறது. முகங்களுக்குத் தேவையான அளவுதான் வெளிச்சம், மீதி புகைக்கு.

ரத்தத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த நாடகத்தைப் போடும் குழுக்கள் வழக்கமாக முனை மழுங்கிய கத்தியின் பிடிக்குள் சிறு ரப்பர் குமிழ் வைத்து, அதை அழுத்திச் சிவப்புத் திரவத்தைக் கசியவிடுவார்கள். மறுநாள் அதே சட்டை வேண்டும் என்பதால் துவைத்தால் போகிற கலவையாக இருக்க வேண்டும். அளவு கூடினால் தரை வழுக்கும். சவர நுரையோ திரவமோ மயிர்க்கோட்டில் ஒட்டியிருக்கும் மைக்குக்குள் போனால் அந்த நடிகரின் குரல் அமுங்கிவிடும். டாடின் சவர நாற்காலி அதைவிடச் சிக்கல். நெம்புகோலை இழுத்தால் இருக்கை தட்டையாகி, ‘பிணம்’ சறுக்கில் இறங்கி, கீழே மெத்தையில் விழ வேண்டும். நடிகர் கைகளை மார்போடு மடக்கி, தாடையை நெஞ்சில் அழுத்திக்கொள்ளாவிட்டால் தலை விளிம்பில் இடிக்கும். இரண்டாம் பாகத்தில் டாட் மகளை நினைத்து உருகிப் பாடிக்கொண்டே வரிசையாகக் கழுத்தறுக்கும் காட்சியில், மெட்டு எங்கும் நிற்காது. நாற்காலி ஒருமுறை சிக்கினால் காத்திருக்க இடமே இல்லை. நாடகத்திலேயே மிக இனிமையான மெட்டு அங்குதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இருக்கை. கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளைத் தவிருங்கள். தலைக்கு மேல் மாடியின் விளிம்பு நீட்டிக்கொண்டிருப்பதால் மேடையின் மேல்பகுதி மறையும். பாதிக் கதை உயரத்தில் நடக்கும் நாடகத்துக்கு அது பெரிய நஷ்டம். மாடியின் முன்வரிசைகளில், நடுப்பகுதியில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். நடன அமைப்பாளர் ஸ்டீவன் ஹாகெட் நடிகர் கூட்டத்தை ஒரே உடம்பாக வளைக்கும் விதம் மேலிருந்துதான் முழுதாகத் தெரியும். சுமார் 2 மணி 45 நிமிடம், இடைவேளை உட்பட. தாமதமாகப் போகாதீர்கள். தொடக்கக் கூட்டுப்பாடலில் இறந்தோருக்கான பழைய லத்தீன் தேவாலயப் பாடலின் சாயல் ஒளிந்திருக்கிறது. பிற்பாடு வரும் பல மெட்டுகளுக்கு வேர் அது. ஆலைச் சங்கு காதைக் கிழிக்கும் சத்தத்தோடு ஊதும், குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் நினைவில் வைக்கவும்.

அரங்கேற்ற இரவுக்கே டிக்கெட் பிடிக்க வேண்டுமா? அன்றைய இருக்கைகளில் பெரும்பாலானவை தயாரிப்பாளர்கள், பணம் போட்டவர்கள், அழைக்கப்பட்டவர்கள் கைக்குப் போய்விடும். விமர்சகர்கள் முந்தைய சில காட்சிகளிலேயே பார்த்துவிட்டு, எழுதியதை அன்றிரவு வெளியிடுவார்கள். முன்னோட்டக் காட்சிகள் பிப்ரவரி 26இலேயே தொடங்கிவிட்டன. மாற்றங்கள் எல்லாம் அந்த நான்கு வாரங்களில் முடிந்து, அரங்கேற்றத்துக்கு முன்பே நாடகம் இறுகிவிடும். ஆகவே ஏப்ரலில் போகிறவரும் பார்ப்பது இதே நாடகம்தான். அந்த இரவுக்கு மட்டும் உரிய ஒன்று திரைக்குப் பின்னால் நடக்கிறது: குழுவில் அதிக பிராட்வே நாடகங்களில் கோரஸ் பாடியவருக்கு ஒரு அங்கியை அணிவித்து, அவர் மேடையை மூன்று முறை இடமாகச் சுற்றிவர, மற்றவர்கள் அதைத் தொட்டு வாழ்த்துப் பெறுவார்கள். 1950 முதல் வரும் வழக்கம். பார்வையாளர் கண்ணில் படாது. மறுபுறம், நண்பர்கள் நிறைந்த அரங்கில் ஒவ்வொரு நடிகர் நுழையும்போதும் கைதட்டல் எழும். சொல்லுக்குச் சொல் கோத்த நாடகத்தில் அது வரிகளை விழுங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு வாரநாள் காட்சிக்குப் போவதே மேல்.

போகும்போது ஒன்றை மட்டும் காதில் பிடித்துவையுங்கள். தொடக்கத்தில் பிச்சைக்காரி ஆபாசமாகப் பேசிக்கொண்டே துள்ளும் ஒரு மெட்டு வரும். சற்று நேரத்தில் மிஸஸ் லவெட் பழைய கதை சொல்லும்போது, முகமூடி விருந்தில் பணக்காரர்கள் ஆடும் நடனத்துக்கு நிதானமான ஓர் இசை ஒலிக்கும். இரண்டும் ஒரே மெட்டு.