உம்பளச்சேரி மாடு: உறைவிந்தா, உயிருள்ள மந்தையா?

காவிரி டெல்டாவின் உழவு மாட்டினமான உம்பளச்சேரியைக் காக்க உறையவைத்த விந்தைச் சேமிப்பதா, மந்தையை வளர்ப்பதா? காளையின் விந்தைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். இடமும் அதிகம் வேண்டாம். ஆனால் பசுக்கள் அழிந்துவிட்டால்? வேற்றினப் பசுக்களுக்கு அந்த ஊசியைப் போட்டு ஐந்து தலைமுறை கடந்தாலும் உம்பளச்சேரி மரபு சுமார் 97 சதவீதம்தான் மீளும். தாயிடமிருந்து மட்டுமே கன்றுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) மரபு திரும்பவே திரும்பாது.

மந்தைக்குச் செலவு உண்டு. திருவாரூர் மாவட்டம் கொருக்கையில் இந்த இனத்துக்கு அரசுப் பண்ணை இருக்கிறது. அது மட்டும் போதாது என்பேன். சேற்று வயலில் சளைக்காமல் உழும் குணம் டெல்டா மண்ணில், விவசாயி கையில் தேர்ந்து வந்தது. (செவலையாகப் பிறந்து சாம்பல் நிறமாகும் கன்று எவ்வளவு அழகு!) டிராக்டர் வந்தபின் காளைக்கு வேலையில்லை, பசுவிடம் பாலும் குறைவு. எனவே வளர்ப்பவருக்கே முதலில் உதவித்தொகை தர வேண்டும். சிறு மந்தையில் உறவுக்கலப்பைத் தவிர்க்க, வேறு ஊர்க் காளையின் உறைவிந்து கைகொடுக்கும்.