சிபாப் மெஷினுடன் நியூஜெர்சியிலிருந்து மதுரைக்கு

தூக்கத்தில் மூச்சு தடைபடும் தொந்தரவு உள்ளவர்கள் பலர், தொண்டை மூடிக்கொள்ளாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷினோடுதான் தூங்குவார்கள். அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது கூட இருப்பவர்கள் ஆறுதலாக ஒன்று சொல்வார்கள்: "ஃபிளைட்ல ஒரு ராத்திரிதானே, மெஷின் இல்லாம சமாளிச்சுக்கலாம்." அந்த ஒரு ராத்திரி ஒன்றோடு நிற்பதில்லை. விமானத்தில் ஒன்று, இரவு ரயிலில் ஒன்று, ஊரில் கரண்ட் போனால் இன்னொன்று. அதோடு காலையில் தூக்கக் கலக்கத்தில் நான்கு வழிச்சாலையில் கார் ஓட்ட வேண்டியும் வரும். அதனால் இந்த முறை ஒரு இரவைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்று திட்டமிட்டே கிளம்பினேன்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுதான் உள்ளே வைத்திருப்பார்கள். கிட்டத்தட்ட கொடைக்கானலில் படுத்துத் தூங்குவது மாதிரி. ஏற்கெனவே தூக்கத்தில் ஆக்சிஜன் இறங்கும் உடம்புக்கு இது கூடுதல் சுமை.

அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பகுதியில் பெரிய சிக்கல் இல்லை. அங்கே சட்டமே நம் பக்கம் இருக்கிறது. சிபாப் மருத்துவ உபகரணம் என்பதால் கைப்பை கணக்கில் சேராது. வெளிநாட்டு விமான நிறுவனமாக இருந்தாலும் அமெரிக்காவில் தொடங்கும், முடியும் விமானங்களுக்கு இதே விதிதான். விமானத்துக்குள் மெஷினை ஓட்ட வேண்டுமென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லச் சொல்வார்கள். பறக்கும் நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு தாங்கும் பேட்டரியும் கேட்கலாம். சீட்டில் பிளக் இருக்கிறதே என்று அதை நம்பிப் போகாதீர்கள். அதிகம் மின்சாரம் இழுத்தால் அது தானாக நின்றுவிடும்.

பேட்டரிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். 100 வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு கொண்டுபோகலாம். தனி பேட்டரியை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். என்னுடையது 24 வோல்ட், 4 ஆம்பியர்-மணி. அதாவது 96. காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரையும் சூடாகும் குழாயையும் அணைத்துவிட்டால்தான் அது இரவு முழுக்கத் தாங்குகிறது. அதனால் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

பாதுகாப்புச் சோதனையில் மெஷினை மட்டும் வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். மாஸ்க்கும் குழாயும் பைக்குள்ளேயே இருக்கலாம். பலருடைய செருப்பு போன ட்ரேயில் மூச்சு விடும் மெஷினை அப்படியே வைக்க எனக்கு மனம் வராது. சுத்தமான கண்ணாடிப் பிளாஸ்டிக் பை ஒன்றில் போட்டு வைத்தேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஹியூமிடிஃபையரின் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, துடைத்துக் காயவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். மிச்சத் தண்ணீர் மெஷினுக்குள் இறங்கினால் பயணமே பாழ்.

சென்னையில் இறங்கி வெளியே வரும்வரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சிக்கல் அதற்கு அப்புறம்தான். மதுரைக்குத் தனி டிக்கெட். சின்ன ஏடிஆர் விமானம், மேலே சாமான் வைக்கும் இடமும் சின்னது. கைப்பை ஒன்றுதான், 7 கிலோதான் என்று கவுன்ட்டரில் இருந்த பெண் மெஷின் பையை செக்-இன்னில் போடச் சொன்னார். மருத்துவ உபகரணம் என்றேன். "இது நெபுலைசரா சார்?" என்றார். விளக்கினேன், டாக்டர் கடிதத்தைக் காட்டினேன். சூப்பர்வைசர் வந்து கடிதத்தைப் படித்த பிறகுதான் கையில் கொண்டுபோகவிட்டார்கள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய நிறுவனம் தன் ஊழியர்களுக்கு இந்த மெஷினின் படத்தையாவது காட்டியிருக்க வேண்டாமா? வயதானவர் ஒருவர் தனியாக வந்திருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அது லக்கேஜோடு உருண்டு உடைந்தால் அன்று இரவு அவருக்கு என்ன வழி? கடிதத்தில் மெஷினின் பெயரும் 'கைவசம் இருக்க வேண்டும்' என்ற வரியும் கட்டாயம் இருக்கட்டும். போனில் ஒரு படம், கையில் ஒரு அச்சுப் பிரதி.

ரயில் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை பெட்டிகளில் சார்ஜிங் பாயின்டுகளை அணைத்துவைக்கும் உத்தரவு ரயில்வேயில் இருக்கிறது. தீ விபத்தைத் தடுக்கத்தான், காரணம் நியாயமானது. ஆனால் சிபாப் தேவைப்படும் நேரமும் அதேதான். மதுரைக்கு இரவு ரயிலான பாண்டியனில் போவதென்றால் சொந்த பேட்டரி இல்லாமல் ஏறாதீர்கள். நான் சென்னைக்குத் திரும்ப வைகையைப் பிடித்தேன். பகல் ரயில், மெஷின் பையிலேயே இருந்தது. 2024 ஆகஸ்ட் முதல் எழும்பூர்-நாகர்கோவில் வந்தே பாரத்தும் மதுரை வழியாகப் பகலில் ஓடுகிறது.

வீட்டில் மின்சாரம் 230 வோல்ட். என் மெஷினின் அடாப்டர் 100 முதல் 240 வரை ஏற்றுக்கொள்ளும். அதனால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், பிளக்கை மாற்றும் சின்ன அடாப்டர் போதும். ஆனால் நம் வீடுகளில் இன்வெர்ட்டர் பெரும்பாலும் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். கட்டில் பக்கத்து 5 ஆம்பியர் பிளக் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மெயினை அணைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் சேரவில்லை. தெரு முனை எலக்ட்ரீஷியன் அன்று மாலையே வந்து இணைத்துக் கொடுத்தார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அதுதான். இரண்டு நாள் கழித்து நள்ளிரவில் கரண்ட் போனபோது ஃபேனோடு சேர்ந்து மெஷினும் நிற்காமல் ஓடியது.

தண்ணீர் அடுத்த பிரச்சினை. போர்வெல் தண்ணீரை ஊற்றினால் மெஷினின் தொட்டியில் வெள்ளையாகப் படியும். டிஸ்டில்டு வாட்டர் கேட்டால் மெடிக்கல் ஷாப்பில் பேட்டரி கடைக்கு அனுப்புகிறார்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைச் சுவாசத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். அரசு ராஜாஜி மருத்துவமனைப் பக்கம் உள்ள சர்ஜிக்கல் கடை ஒன்றில் கேன் கிடைத்தது. கொசுவத்தியும் வேண்டாம், அந்தப் புகையைத்தான் மெஷின் இழுத்து உங்களுக்குக் கொடுக்கும். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவு மாஸ்க்கோடு பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஏப்பா, ஆக்சிஜன் வைக்கிற அளவுக்கா ஆகிப்போச்சு?" என்றார். இதில் ஆக்சிஜன் இல்லம்மா, இந்த ரூமில் இருக்கிற காத்துதான், தொண்டை மூடிக்காம இருக்க அழுத்தி அனுப்புது என்று சொல்லி அம்மாவின் கையில் அந்தக் காற்றைப் பட வைத்தேன். கோவிட் சமயத்தில் பார்த்ததெல்லாம் அவர் மனதில் இருக்கிறது. முதல் இரவுக்கு முன்பே வீட்டாருக்கு இதைக் காட்டிவிடுவது நல்லது.

பக்கத்தில் இருந்த மாமாவுக்கு அது பயத்தைவிட ஆர்வத்தைக் கிளப்பியது. அவருடைய குறட்டை தெருவுக்கே தெரியும். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது, பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறார். "உன் பழைய மெஷின் ஒண்ணு இருக்காமே மாப்ள, அடுத்த தடவை கொண்டாந்து குடு" என்றார். நம்மில் பலர் அப்படிக் கொண்டுவந்து கொடுக்கிறோம். தயவுசெய்து இரண்டு விஷயம் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உள்பட லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே இருக்கும் ஃபோம் உதிர்ந்து சுவாசத்தில் கலக்கலாம் என்பதால். பழைய மெஷின் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சீரியல் நம்பரை வைத்துச் சரிபாருங்கள். இன்னொன்று, எனக்கு வைத்த அழுத்தம் மாமாவுக்குப் பொருந்தாது. டாக்டர் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். மாமாவுக்கு வீட்டிலேயே இரவில் செய்யும் தூக்கப் பரிசோதனைக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். முடிவு வந்ததும், மதுரையிலேயே மாஸ்க்கும் ஃபில்டரும் சர்வீஸும் கிடைக்கிற கம்பெனியாகப் பார்த்துப் புது மெஷின் வாங்கிக்கொள்வதாக அத்தை சொல்லியிருக்கிறார்.