குரோம்பேட்டை நோட்டும் டர்பன் நோட்டும்

2019 ஜனவரியில் நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து இறங்கியபோது இந்த ஊர்ப் பணம் ஒரு ரேண்ட் ஏறக்குறைய ஐந்து ரூபாய். முதல் மூன்று மாதம் கடைக்குப் போனால் நான் செய்த ஒரே வேலை, எதைப் பார்த்தாலும் ஐந்தால் பெருக்கி, பெருமூச்சு விட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவதுதான். கொத்தமல்லிக் கட்டு 10 ரேண்டா, அப்படியென்றால் 50 ரூபாயா, காய் வாங்கினால் கொசுறாகக் கிடைக்கிற சாமானுக்கா 50 ரூபாய் என்று மனசு அடித்துக்கொள்ளும். இப்போது ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சென்னையில் குரோம்பேட்டையில் இருந்தபோதே வரவு செலவு நோட்டு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு, இங்கேயும் விடவில்லை, அதனால் இரண்டு ஊர்க் கணக்கும் கையில் இருக்கிறது. டர்பனுக்கு வரலாமா, கட்டுப்படியாகுமா என்று சொந்தத்தில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். பையனுக்கு இப்போது பதினொரு வயது. முதல் வருஷம் பெரியா பக்கம் ஒரு ஃப்ளாட்டில் இருந்தோம், அப்புறம் ரிசர்வாயர் ஹில்ஸில் ஒரு அவுட்பில்டிங்குக்கு மாறினோம். அவுட்பில்டிங் என்றால் பெரிய வீட்டின் காம்பவுண்டுக்குள்ளேயே தனியாகக் கட்டி வாடகைக்கு விடும் சின்ன வீடு, இந்தியர்கள் அதிகம் இருக்கும் பகுதிகளில் இது சகஜம். தண்ணீர் சேர்த்து 7,500 ரேண்ட், மின்சாரம் தனி. வீட்டுக்கார ஆன்ட்டி தமிழ் வழி வந்தவர், 1860க்குப் பிறகு கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்களின் பரம்பரை. தமிழ் பேச வராது. ஆனால் பேரன் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுகிறான், புரட்டாசி முழுக்க வீட்டில் கறி மீன் கிடையாது, கொல்லையில் கறிவேப்பிலை மரம் நிற்கிறது. கறிவேப்பிலைக்கு நான் காசு கொடுப்பதை நிறுத்தியது இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான்.

சாப்பாட்டுச் செலவு பயந்த அளவுக்கு இல்லை. 2018 ஏப்ரலிலிருந்து இங்கே வாட் வரி 15 சதவீதம், ஆனால் அரிசி, பருப்பு, காய்கறி, பழம், பால், முட்டை, சமையல் எண்ணெய் இதற்கெல்லாம் வரி கிடையாது. பிரெட்டில் கூட பிரவுன் பிரெட்டுக்கு வரி இல்லை, வெள்ளைக்கு உண்டு. நம் சாம்பார் சாதம் பெருங்காயம் மாதிரி மசாலா சாமான்களைத் தவிர கிட்டத்தட்ட முழுசாக வரியில்லாப் பட்டியலில் உட்கார்ந்துவிடுகிறது. தகர டப்பாவில் வரும் பில்சர்ட் என்ற மத்தி வகை மீனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதை ஆன்ட்டி வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை போட்டு ஒரு குழம்பு வைப்பார், டின் ஃபிஷ் கறி என்று இந்த ஊர் இந்தியர்கள் வீட்டில் மாசக் கடைசி சமையல். முதலில் மூக்கைச் சுளித்தேன், இப்போது என் அலமாரியில் எப்போதும் நாலு டப்பா இருக்கும்.

பால்தான் இடிக்கும். ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாய், இங்கே இரண்டு லிட்டர் கேன் 36 ரேண்ட், அதாவது லிட்டருக்கு 80 ரூபாய்க்கு மேல். ஆப்பிள், திராட்சை, அவகாடோ உள்ளூர் விளைச்சல், சென்னையை விடச் சல்லிசு. கோழி, ஆட்டுக்கறி ஏறத்தாழ அதே விலை. தேங்காய் அநியாயம், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வெளிச் சாப்பாடு என்று எடுத்தால் 15 ரூபாய் டீக்கடை என்ற ஒன்று இந்த ஊரில் இல்லை, அந்த இழப்பை எந்த நோட்டிலும் எழுத முடியாது. இங்கே அந்த இடத்தில் இருப்பது பன்னி சௌ, முழு பிரெட்டைக் கால் பாகமாக வெட்டிக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவது. 'இன்னைக்கு மதியம் பன்னி சாப்பிட்டோம்' என்று பையன் போனில் சொன்னதும் என் மாமியார் அரை நிமிஷம் பேசவே இல்லை. பீன்ஸ் போட்டது 50 ரேண்டுக்குள் கிடைக்கும், மட்டன் போட்டது இரண்டு மடங்கு. ஒருத்தருக்கு வயிறு நிறையும்.

சரி, மின்சாரத்துக்கு வருகிறேன், நோட்டில் எனக்கு அதிகம் கோபம் வருகிற பக்கம் அதுதான். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இங்கே எங்கள் வீட்டில் ப்ரீபெய்ட் மீட்டர், முதல் யூனிட்டிலிருந்தே காசு, இப்போது யூனிட் 3 ரேண்டைத் தாண்டிவிட்டது. முன்கூட்டியே காசு கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும், அதை மீட்டரில் அழுத்த வேண்டும். 2024 நவம்பர் 24க்குள் இந்த மாதிரி மீட்டர் எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதற்கப்புறம் வாங்கும் எண்ணை மீட்டர் ஏற்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எத்தனை தேதி சொன்னாலும் நாம் கடைசி வாரத்தில்தானே செய்வோம். ஒரு நாள் ராத்திரி யூனிட் தீர்ந்து வீடு இருட்டாகிவிட்டது. அந்த முறை வந்தது ஒரு எண் இல்லை, மூன்று. முதல் இரண்டும் மீட்டரைப் புதுப்பிக்க, மூன்றாவதுதான் நாம் காசு கொடுத்த யூனிட். அறுபது இலக்கம். கணவர் ஊரில் இல்லை. பையன் போன் வெளிச்சத்தில் ரசீதைப் பிடித்துக்கொண்டு தமிழில் படிக்கிறான், தமிழ் எண்கள் மறக்காமல் இருக்கட்டும் என்று நான் போட்ட சட்டம் அது. 'அஞ்சு, ரெண்டு, ஏழு, ஏழு... இல்லம்மா, எட்டு.' 'எட்டா ஏழா கண்ணா, ஒழுங்கா பாரு.' 'எட்டு. நீ ஏழு அமுக்கிட்டியா?' அமுக்கிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது எண் ஏறி பச்சை விளக்கு எரிந்தபோது பத்தரை மணி, ஃப்ரிட்ஜில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டிருந்தது.

முறை வைத்து மின்வெட்டு போடுவதை இங்கே லோட்ஷெடிங் என்பார்கள், 2023தான் அதில் மகா மோசமான வருஷம். இரண்டு மணி நேரம் போகும், வரும், மறுபடி போகும். பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கினோம், அந்த மாதம் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். 2024 மார்ச் கடைசியில் வெட்டு நின்று பத்து மாதம் வரவே இல்லை, வாங்கிய இன்வெர்ட்டர் மூலையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், மின்சாரக் காசில் பெரும்பங்கை விழுங்குவது சீலிங்குக்கு மேல் இருக்கும் வெந்நீர் கீசர். அதற்கு ஒரு டைமர் போட்டதும் எங்களுக்கு மாதம் 400 ரேண்ட் குறைந்தது.

மூன்றாம் வருஷம்தான் எனக்கு உறைத்தது. குரோம்பேட்டை நோட்டில் இல்லாத ஒரு தலைப்பை இங்கே போட வேண்டியிருந்தது, 'நடக்காமல் இருக்க' என்று. கொள்ளை நடக்காமல் இருக்க அலாரமும் ஆயுதக் காவலும், மாதம் 420 ரேண்டில் எங்கள் பங்கு பாதி. கார் காணாமல் போகாமல் இருக்க டிராக்கர். இருட்டாகாமல் இருக்க இன்வெர்ட்டர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குழாயில் தண்ணீர் வராமல் லாரிக்கு வாளியோடு நின்றதற்கு அப்புறம் தண்ணீருக்கு என்று நாலு 25 லிட்டர் கேன். 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து, பிரெட்டுக்கு மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற வாரத்துக்குப் பிறகு, வீட்டில் எப்போதும் இரண்டு மூட்டை அரிசி. இதில் எதையும் நாங்கள் அனுபவிப்பதில்லை, சாப்பிடுவதில்லை, உடுத்துவதில்லை. ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை என்றால் காசுக்கு வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். வாடகையும் அரிசி விலையும் வைத்து ஊர்களை ஒப்பிடுகிறவர்கள் இந்தத் தலைப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை, எங்கள் வீட்டில் இதையும் மருத்துவத்தையும் கூட்டினால் மளிகைச் செலவைத் தாண்டுகிறது.

மருத்துவம் என்றால் மெடிக்கல் எய்ட், மாதச் சந்தா கட்டும் மருத்துவக் காப்பீடு. மூன்று பேருக்கு எங்களுக்கு மாதம் 6,000 ரேண்டுக்கு மேல், அதுவும் நடுத்தரமான திட்டம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மூன்று மாதம் வரை பொதுக் காத்திருப்பு (சந்தா கட்டியும் காசு தராத காலம்) போடலாம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு ஒரு வருஷம் வரை போடலாம், 35 வயதுக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் கூடுதல் கட்டணமும் வரலாம். என் கணவருக்கு 38. எந்தத் திட்டம் என்று யோசித்து யோசித்து எட்டு மாதம் தள்ளிப்போட்டோம், அந்த எட்டு மாதத்தில்தான் பையனுக்கு வீசிங் வந்தது, தனியார் மருத்துவமனையில் இரண்டு ராத்திரிக்குக் கட்டிய பணத்தில் சென்னைக்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கலாம். வந்த முதல் வாரமே சேருங்கள். கட்டும் சந்தாவுக்கு வருமான வரியில் கழிவு உண்டு, 2025இல் அது முதல் இரண்டு பேருக்கு மாதம் தலா 364 ரேண்ட், மூன்றாமவருக்கு 246, நாங்கள் கட்டுவதற்கு அது ஏதோ ஆறுதல் பரிசு மாதிரி. சாதாரண ஜுரத்துக்கு டாக்டரைப் பார்த்தால் 500 ரேண்ட். ஊரில் எங்கள் தெரு டாக்டர் 200 ரூபாய் வாங்கிக்கொண்டு மாத்திரையும் கொடுத்து, மாமனாரின் மூட்டுவலியையும் விசாரிப்பார்.

கார் இல்லாமல் முடியாது. ஆட்டோ இல்லை, மினிபஸ் டாக்சி உண்டு, அதற்கு விரல் சைகை எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு வியப்பாக இருந்தது காப்பீடுதான், இங்கே வண்டிக்கு இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயமில்லை. விபத்தில் ஆளுக்கு அடிபட்டால் அதற்கான நிதி நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் வரியாகப் போகிறது, 2025இல் அது 2.18 ரேண்ட். இடித்த வண்டியைச் சரி பண்ண அந்த நிதி உதவாது, ஆகவே சொந்தக் காசில் இன்ஷூரன்ஸ் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும், ஏறப்போகிறது என்று தெரிந்தால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பங்க்கில் திருவிழாக் கூட்டம். கடலோரம் என்பதால் ஜோஹன்னஸ்பர்க்கை விட நமக்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதை இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதில்தான் என் இரண்டு நோட்டும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கின்றன. 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் ஆனது, வீட்டு வேலைக்கும் அதே. அந்தக் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு 230, அதோடு போக்குவரத்துக் காசு. வாரம் ஒரு நாள்தான் எங்களால் முடிகிறது. குரோம்பேட்டையில் பாத்திரம், துணி, வீடு துடைப்பது எல்லாம் சேர்த்து மாதம் 2,500 ரூபாய்க்கு ஒரு அக்கா தினமும் வந்தார், அதையும் தீபாவளிக்கு 500 ஏற்றிக் கேட்டபோது நான் பேரம் பேசினேன். அந்தத் தேதிக்கு நேராக நோட்டில் நானே எழுதியிருப்பதைப் படித்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

பள்ளி, போன் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி என்றாலும் நல்ல பகுதிகளில் கட்டணம் உண்டு, பெற்றோர் கூட்டத்தில்தான் தொகையை முடிவு செய்வார்கள், வருஷம் ஜனவரியில் ஆரம்பம். மொபைல் டேட்டா 1 ஜிபி ஒரு மாதத்துக்கு 85 ரேண்ட் என்று பார்த்து, சென்னையில் தினமும் அதை விட அதிகமாக ரீல்ஸில் தீர்த்த என் தம்பியை நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு ஃபைபர் போட்டுக்கொண்டு வெளியே போனால் டேட்டாவை அணைத்துவிடுவோம்.

ஊருக்குப் பணம் அனுப்புவது தனித் தலைவலி. சம்பளச் சான்று, விசா நகல் எல்லாம் காட்ட வேண்டும், கட்டணமும் அதிகம், ஜி20 நாடுகளில் பணம் அனுப்ப அதிகம் செலவாகும் நாடு இதுதான் என்று உலக வங்கிக் கணக்கிலேயே வருஷக்கணக்காக வருகிறது. அதோடு ரேண்டும் ஆடும். 2023 மே மாதம் டாலருக்கு 20 ரேண்டை நெருங்கியது, நமக்கு 4.20 ரூபாய்கூட கிடைக்கவில்லை. அந்த மாதம் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு 60,000 ரூபாய் அனுப்பினேன், வந்த புதிதில் 12,000 ரேண்டில் முடிந்திருக்கும் காரியத்துக்கு 14,300 போனது, கட்டணம் வேறு. அன்றோடு ஐந்தால் பெருக்குவதை விட்டேன். கொத்தமல்லி 10 ரேண்ட் என்றால் அது 10 ரேண்ட்தான்.

இவ்வளவும் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் கட்டாயம் கொண்டுவர வேண்டியது வெட் கிரைண்டர். மின்னழுத்தம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், சிக்கல் ப்ளக்கில். நம் ஊர் சின்ன மூன்று முள் ப்ளக் இங்கே சுவரில் நுழையாது, ஆனால் ஏசிக்கும் கீசருக்கும் போடும் பெரிய மூன்று முள் ப்ளக் அப்படியே பொருந்தும். கிளம்பும் முன் தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் சொல்லிக் கிரைண்டர் வயரில் பெரிய ப்ளக்கை மாற்றிக்கொண்டு வாருங்கள், நான் மாற்றாமல் வந்து இரண்டு வாரம் மிக்சியில்... இல்லை, அந்த மிக்சிக்கும் சின்ன ப்ளக்தான், இரண்டு வாரம் பிரெட்தான் சாப்பிட்டோம்.