1.5 குதிரைத்திறன் ஸ்டிக்கருக்கு அடியில் 370 வாட்

கத்தி செய்யப் பழகுகிறவர்கள் இணையத்தில் மலிவான 2×72 அங்குல பெல்ட் கிரைண்டரை (2 அங்குல அகலம், 72 அங்குலச் சுற்றளவுள்ள உப்புத்தாள் பட்டையை ஓடவிட்டு எஃகைத் தேய்க்கும் இயந்திரம்) பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். "1.5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 2,800 சுற்று" என்று சொல்லி 480 சிங்கப்பூர் வெள்ளிக்கு விற்ற இயந்திரம் வந்து இறங்கியபோது, மோட்டார் தகட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர். உரித்தால் அடியில் 370 வாட், 1,400 சுற்று. அதாவது அரைக் குதிரைத்திறன்.

பெல்ட்டை ஓட்டும் 100 மி.மீ. டிரைவ் வீலில் 2,800 சுற்று என்றால் பெல்ட் நொடிக்கு ஏறத்தாழ 14.7 மீட்டர் ஓடும். 1,400 சுற்றில் அதில் பாதிதான். மிகச் சொரசொரப்பான 36 கிரிட் செராமிக் பெல்ட்டுக்கு வேகமும் வேண்டும், அழுத்தமும் வேண்டும். அழுத்தினால்தான் அதன் தேய்ப்பு மணிகள் உடைந்து புதுக்கூர் காட்டும். இந்த மோட்டார் சற்று அழுத்தினாலே நின்றுவிடுகிறது. மெல்லத் தேய்த்தால் மணிகள் மழுங்கிப் பளபளக்கும், எஃகு சூடேறும், உலோகம் குறையாது. பழகுகிறவர் தம் கையில்தான் குறை என்று நினைத்துக்கொள்வார். அதுதான் இதில் பெரிய அநியாயம்.

ஸ்டிக்கரை மாற்றலாம், மோட்டாரின் ஷாஃப்ட்டை (சுழலும் தண்டை) மாற்ற முடியாது. ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தர அளவு மோட்டார்களில் 1,400 சுற்று 370 வாட்டுக்கு வழக்கமாக 14 மி.மீ. ஷாஃப்ட், 2,800 சுற்று 1.1 கிலோவாட்டுக்கு 19 மி.மீ. ஷாஃப்ட்டின் தடிமனைக் கேலிப்பர் வைத்து அளந்து எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் சிங்கப்பூரில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். 110 வோல்ட் மோட்டாரானால் எரிந்தே போகும்.

பெல்ட்டுக்குப் பின்னால் தாங்கி நிற்கும் தட்டான பிளாட்டனும் மோசம். எஃகு ஸ்கேலை நிறுத்திப் பின்னால் டார்ச் அடித்தால் நடுவில் வெளிச்சம் கசிகிறது; அரை மி.மீ. குழிவு. இதில் தட்டையான பெவல் (அலகின் சாய்வுப் பக்கம்) வரவே வராது. பெல்ட்டை நேராக ஓடவைக்கும் டிராக்கிங் வீலின் கீல் ஆடுவதால் பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்து ஓரம் கிழிகிறது.

"வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்" என்பதையும் நம்பாதீர்கள். கெபாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் சாதாரண வி.எஃப்.டி. (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை மாற்றும் கருவி) வேலை செய்யாது, அதற்கு த்ரீ ஃபேஸ் மோட்டார் வேண்டும்.

புகார் செய்ததும் விற்றவர், "40 வெள்ளி தருகிறோம், புகாரை மூடுங்கள்" என்றார். ஒப்புக்கொண்டால் மீதிப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஸ்டிக்கரை உரிப்பதற்கு முன்பே படமெடுங்கள், உரிப்பதைக் காணொளியாக்குங்கள். சிங்கப்பூர்க் கடையில் வாங்கியிருந்தால், 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாக லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) கருதும். பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வெளிநாட்டுக் கடையிடமோ தனிநபரிடமோ வாங்கியவருக்கு லெமன் சட்டம் அநேகமாகக் கைகொடுக்காது.

கையில் 480 வெள்ளிதான் என்றால் 1×30 அங்குலச் சிறு இயந்திரமும் நல்ல அரங்கள் இரண்டும் போதும், 80 மி.மீ. அலகுள்ள கத்தியைத் தாராளமாகச் செய்யலாம். பெரியது வேண்டுமானால் பிரேமை மட்டும் வரவழைத்து, மோட்டாரை இங்கே கண்ணால் பார்த்து வாங்குங்கள். முழுக்க மூடிய மோட்டாராக இருக்கட்டும். திறந்ததில் எஃகுத்தூள் புகுந்து சுருளைக் கெடுத்துவிடும்.